பூருலின் கார்க் கதவு

குமிஸ் பாட்டிலின் மூடியைக் குறடு போட்டு இறுக்கியவன் நான்தான். ஊரில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் வாயால் கேட்பதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

ஜூலை மாதம். என் அண்ணன் மேலே மலை மேய்ச்சலில் குதிரைகளோடு இருந்தான். அண்ணி குல்சுன் கறந்து, புளிக்க வைத்து, கடைந்த குதிரைப்பால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டில் நிறைய எனக்கு வந்திருந்தது. எங்கள் மலையூர் கோச்கோரில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும், குமிஸ் உயிருள்ள சரக்கு, உள்ளே பொங்கிக்கொண்டே இருக்கும், மூடியைத் தளர விட்டுத்தான் கொண்டுபோக வேண்டும் என்று. எனக்கும் தெரியும். ஆனால் நான் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவன். எதையாவது தளர்வாகக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இறுக்கினேன். பிறகு, முன் விளக்கு மாற்ற வந்திருந்த பூருலுக்குத் தெரியாமல், அவள் கார்க் கதவின் அடிப்பக்கப் பையில் அதைச் செருகி வைத்தேன். வீட்டுக்குப் போனதும் பார்த்து ஆச்சரியப்படட்டுமே என்று.

ஆச்சரியப்பட்டாள். வீடு வரும்வரை பாட்டிலுக்குத்தான் பொறுமை இல்லை. என் பட்டறையிலிருந்து நாலு கடை தள்ளி, சந்தை முனையில் இருக்கிற பள்ளத்தில் கார் இறங்கி ஏறியதும் துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது கார் நடு ரோட்டில் நிற்கிறது, ஓட்டுநர் கதவு திறந்து கிடக்கிறது, பாட்டில் பைக்குள்ளேயே சுழன்று கீல் மேலும் கதவு மாட்டியிருக்கிற தூண் மேலும் மிச்சத்தைப் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. பூருல் தலையிலிருந்து பால் சொட்ட நின்றாள். சந்தைக்கு வந்த ஆடுகள்கூட மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

"எசேகே, இதுக்குப் பேரு என்ன? பரிசா, விபத்தா?" என்றாள்.

கோபம் வந்தால்தான் அவள் எனக்கு அந்தக் 'கே' போட்டு மரியாதை கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் வெறும் எசென். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"பரிசாத்தான் கிளம்பிச்சு..." என்றேன். அதோடு விட்டிருக்கலாம். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஓடைத் தண்ணீரை வாளியில் மொண்டு கதவிடுக்கில் ஊற்றினேன். ஒயரிங் வேலை செய்கிறவன் ஒயர் இருக்கிற இடத்தில் தண்ணீரை ஊற்றலாமா என்று நீங்கள் கேட்கலாம். அண்ணி கேட்டுவிட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பூருல் எங்கள் வட்டாரத்து மாட்டு டாக்டர். அவள் புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது, ஒரே மகள் பிஷ்கெக்கில் கல்யாணமாகி இருக்கிறாள். காரை அவர் வாங்கினாரா, அவளா என்று நான் கேட்டதில்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஜெர்மன் கார். அதில்தான் மருந்துப் பெட்டியைப் போட்டுக்கொண்டு பனியிலும் சேற்றிலும் பட்டிபட்டியாகப் போவாள். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டாள், அது ஒன்றுதான் அவளிடம் குறை. பசு எப்போது ஈனும் என்று கேட்டால், "அதுக்கு அவசரம் வரும்போது" என்பாள். ஆடு பிழைக்குமா என்று கேட்டால், "ஆட்டக் கேளு" என்பாள். டாக்டர் தொழிலில் அது சாமர்த்தியம். எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

ஏனென்றால் ஆகஸ்ட்டில் நானும் ஒன்று கேட்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பசுவுக்கு ஊசி போட வந்தவளை வேலிக்கு அந்தப்புறம் நின்று கூப்பிட்டேன்.

"டாக்டரம்மா, ஊர்ல இருக்கிற மாடு, ஆடு, குதிரை எல்லாத்தையும் பாக்கறே. என் வீட்ல பல்லுப் போன கிடா ஒண்ணு தனியா நிக்குது. அதையும் உன் பட்டில சேத்துக்குவியா?"

அவள் ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "பல்லுப் போன கிடாவ வழக்கமா அறுத்துடுவாங்க. பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அறுப்பதைப் பார்ப்போம் என்றாளா, சேர்ப்பதைப் பார்ப்போம் என்றாளா என்று நான் செப்டம்பர் முழுக்க யோசித்தேன். எனக்கு முன்னே ஒரு மனைவி இருந்தாள். மாஸ்கோவுக்குத் தையல் வேலைக்குப் போனாள். முதலில் அங்கிருந்து சாமான் வந்தது, பிறகு போன் வந்தது, பிறகு விவாகரத்து வந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. என் ஜோக்குகளை அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டபோதுதான் அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதி கிடைத்திருக்கும்.

இதற்கிடையில் கதவு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. புளித்த பால், ஒயர்களை ஒன்றோடொன்று சேர்க்கிற கப்ளருக்குள் இறங்கி, உள்ளே இருந்த பழைய களிம்பைத் தட்டி எழுப்பிவிட்டிருந்தது. கண்ணாடி இறங்கினால் ஏறாது. ஏறினால் மேட்டில் வண்டி குலுங்கும்போது தானாக இறங்கும். ஒருநாள் மலையடிவாரத்துப் பட்டியில் அவள் இறங்கி நின்றதும் நாலு கதவும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே, மருந்து உள்ளே. முந்நூறு ஆடு வரிசையில் நிற்க, அவற்றின் சொந்தக்காரர் குதிரையில் ஏறி என்னைத் தேடி வந்தார்.

ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் சுரண்டுவேன், கொஞ்சம் வாஸ்லின் தடவுவேன், அனுப்பிவிடுவேன். பத்து நாள் ஓடும். மறுபடி வருவாள். அந்தப் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற வழக்கம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதைத் தவிர, கதவைப் பிரித்து முழுசாகச் சரிசெய்யாததற்கு வேறு காரணம் கிடையாது.

அக்டோபரில் மந்தைகளோடு அண்ணியும் கீழே இறங்கினாள். வந்த மறுநாளே என் பட்டறைக்கு வந்தாள். பட்டறை என்றால் ரோட்டோரமாக வைத்திருக்கிற ஒரு பழைய சரக்குக் கன்டெய்னர். ஒரு பக்கம் வெட்டிக் கதவு வைத்தது. அண்ணி உள்ளே வந்து டயர் மேல் உட்கார்ந்தாள்.

"சின்னப் பையா, சேதி தெரியுமா?"

எனக்கு ஐம்பது வயது. ஆனால் புருஷன் வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் கல்யாணமாகி வந்த நாளிலேயே எனக்கு இப்படிப் பெயர் வைத்துவிட்டாள். முடி நரைத்தும் மாற்றவில்லை.

"என்ன அண்ணி?"

"உன் டாக்டர் கார விக்கிறா. மக கூப்பிடறாளாம், பிஷ்கெக்குக்கே வந்துடுன்னு. அங்க நாய், பூனைக்கு வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரில வேல இருக்காம். சூடான அறைக்குள்ள உக்காந்து பூனைக்கு ஊசி போடலாம். நாரின்லேந்து ஒருத்தன் வெள்ளிக்கிழமை வண்டி பாக்க வரானாம். கதவு சரியா இருந்தா வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கான்."

கையிலிருந்த ஸ்குரூடிரைவரை எங்கே வைத்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

"நீ அவகிட்ட கேட்டியா, இல்லையா?" என்றாள் அண்ணி.

"ஆகஸ்ட்ல கேட்டேனே."

"எப்படிக் கேட்ட?"

சொன்னேன். அண்ணி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். அவள் கோபத்தை அடக்கும் விதம் அது. "கிடாவா? ஒரு பொம்பளைய இப்படியா கேப்பாங்க? உங்கண்ணனும் மண்டுதான், ஆனா வாயத் தொறந்து 'வரியா'ன்னு கேட்டாரு. உனக்கு அந்த ஒரு வார்த்தை வராதா?"

"வரும் அண்ணி. ஆனா வெளிய வரப்ப வேஷம் போட்டுக்கிட்டு வருது."

வெள்ளிக்கிழமை காலையில் பூருல் வந்தாள். மலையில் முதல் பனி விழுந்து, காற்று அதன் வாசனையோடு இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கியே கிடந்த கண்ணாடிக்குப் பதிலாக ஜன்னலில் ஒரு ஆட்டுத்தோலை மாட்டியிருந்தாள்.

"மத்தியானம் ஆள் வராரு. இந்த வாட்டியாவது ஒழுங்காச் சரி பண்ணுவியா?" என்றாள்.

"இந்த வாட்டியாவதுன்னா?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா, எசென்? மாட்டுக்கு வாய் கிடையாது. எங்க வலிக்குதுன்னு நான்தான் கண்டுபிடிக்கணும். நீ மேலாக்கச் சுரண்டினியா, உள்ள போனியான்னு கண்டுபிடிக்கறது அவ்வளவு கஷ்டமா?"

நான் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் கௌரவமான காரியமாகப் பட்டது.

ஓட்டுநரின் கால் பக்கத்தில், தூணின் உள்தகட்டுக்குப் பின்னால் அந்தக் கப்ளர் இருக்கிறது. அதிலிருந்து ஒயர்கள் கட்டாகக் கிளம்பி, தூணுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு நெளிநெளி ரப்பர் குழாய்க்குள் நுழைந்து கதவுக்குள் போகும். கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய் மடங்கும், அதற்குள் ஒயரும் மடங்கும். முப்பது வருஷம் மடங்கினால் மனுஷனுக்கே முதுகு விட்டுப்போகும். ரப்பர் கீழ்ப்பக்கம் கிழிந்திருந்தது. குமிஸும் என் வாளித் தண்ணீரும் போன வழி அதுதான்.

கப்ளரின் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. அதன் கொக்கிக் காதை அமுக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டி, கெஞ்சி, கடைசியில் கெட்ட வார்த்தை சொன்னதும் பிரிந்தது. பூருல் டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"அய்யோ!" என்றாள்.

உள்ளே பின்கள் எல்லாம் பச்சைப் பசேலென்று களிம்பு பூத்து, நடுவில் காய்ந்த பால் வெள்ளையாக உறைந்து கிடந்தது. இரண்டு பின்கள் அரித்துப்போய்த் தொட்டதும் உதிர்ந்தன. புளிப்பு வாடை இன்னும் இருந்தது. அண்ணியின் கைப்பக்குவம் அப்படி.

"எவ்வளவு பச்சை. வசந்த காலத்து மேய்ச்சல் மாதிரி இருக்கு. உன் ஆடு மாடுங்களக் கூட்டிட்டு வா, மேயட்டும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து மாட்டுக்குப் போடுகிற பெரிய ஊசிக் குழலை எடுத்தாள். "புளிப்புதானே ஏறியிருக்கு? சோடா உப்புத் தண்ணி விட்டுக் கழுவலாமில்ல?"

நானும் அதைத்தான் செய்வதாக இருந்தேன், ஆனால் தேநீர்க் கரண்டியால். அவள் குழலில் சோடாத் தண்ணீர் ஏற்றி ஒவ்வொரு பின்னாகப் பீய்ச்சினாள். நுரைத்து, பச்சையாக வழிந்து இறங்கியது. பிறகு அவளுடைய ஸ்பிரிட்டை விட்டுக் கழுவி, நான் காற்றடித்து உலர்த்தினேன். சின்ன பிரஷ்ஷால் தேய்த்ததும் பின்கள் மஞ்சளாகச் சிரித்தன. உதிர்ந்த இரண்டுக்கும் என்னிடம் இருந்த பழைய கப்ளரிலிருந்து நல்ல பின் எடுத்து மாட்டினேன்.

அடுத்தது ஒயர். மேலுறையை உரித்தால் செம்பு பளபளக்க வேண்டும். இது கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தது. கறுப்பு எங்கே முடிகிறதோ அதுவரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த செம்பில் ஒட்டுப் பிடிக்காது, பிடித்தாலும் நிலைக்காது. வெட்டினேன், உரித்தேன், பார்த்தேன், மறுபடி வெட்டினேன். குறைந்த நீளத்துக்கு வேறு ஒயர் சேர்த்தேன். ஒட்டுகளைப் பக்கம்பக்கமாக வைக்காமல் ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி வைத்தேன். இல்லாவிட்டால் பாம்பு எலியை முழுங்கின மாதிரி ஒரே இடத்தில் புடைத்துவிடும். ரப்பர் மடங்குகிற இடத்தில் ஒட்டே வைக்கவில்லை.

"ஏன் அங்க வைக்கல?" என்றாள் பூருல்.

"ஆடுற எடம். ஆடி ஆடி விட்டுப்போயிடும்."

"மூட்டுல தையல் போட மாட்டோம் நாங்களும்" என்றாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டு, நான் கை நீட்டுவதற்குள் வேண்டியதை எடுத்து வைப்பது. அவள் பாத்திரத்திலிருந்து ஊற்றிய பால் தேநீர் ஸ்டூல் மேல் ஆவி விட்டது. அண்ணி எண்ணெயில் பொரித்துக் கொடுத்தனுப்பிய மாவுத் துண்டுகளான போர்சோக்கை ஆளுக்கொன்றாக வாயில் போட்டுக்கொண்டோம். வெளியே யாரோ ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போனார்கள். மத்தியானம் என்று ஒன்று வராமலே இருந்தால் அந்த நாளில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தச் சந்தோஷத்தில் ஒட்டு வேலை செய்கிறவன் யாரும் செய்யக் கூடாததைச் செய்தேன். ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைப்பதற்கு முன்னால் சூட்டில் சுருங்குகிற பிளாஸ்டிக் குழாயை அதில் கோத்துவிட வேண்டும். பற்றவைத்த பிறகு கோக்க முடியாது. நான் அழகாகப் பற்றவைத்து, ஊதி, இழுத்துப் பார்த்துவிட்டுக் குழாயைத் தேடினேன். அது என் மடியில் கிடந்தது.

"ஒண்ணும் சொல்லாதே" என்றேன்.

"நான் எங்க சொன்னேன்? குதிரைய வெளிய விட்டுட்டு லாயத்தக் கட்டற மாதிரி இருந்துச்சு, பாத்துக்கிட்டு இருந்தேன்."

வெட்டி, கோத்து, மறுபடி பற்றவைத்தேன். கடைசியாக ஒரே ஒரு ஒயர் மிச்சம். பழுப்பு நிற எர்த் ஒயர். கண்ணாடி மோட்டாரும் பூட்டும் அதைத்தான் நம்பி இருக்கின்றன. உரித்துப் பார்த்தேன். கறுப்பு. இன்னும் உரித்தேன். அங்கேயும் கறுப்பு.

நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அப்போது எனக்கு வந்த யோசனை இதுதான்: இதை மட்டும் இப்படியே முறுக்கி விட்டுவிட்டால் கண்ணாடி ஒருமுறை ஏறும், இரண்டாம் முறை நடுவில் நிற்கும். நாரின்காரன் உதட்டைப் பிதுக்குவான், திரும்பிப் போவான். பிஷ்கெக் பூனைகள் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளும். நான் டேப்பை எடுத்தேன்.

டார்ச் வெளிச்சம் அசையாமல் அந்த ஒயர் மேலேயே நின்றது.

"அது கறுப்பா இருக்கே" என்றாள்.

"இருக்கு."

"போதுமா?"

"ஓடும்."

"சீழ உள்ள வச்சுத் தைக்கற ஆள் நீயில்லையே எசென்?" குரலில் கேலி இல்லை. "நான் விக்கறதப் பத்தி நீ இதுவரைக்கும் ஒண்ணுமே சொல்லலியே?"

"என்ன சொல்றது? பிஷ்கெக் பூனைங்களுக்கு அதிர்ஷ்டம். நாங்க இங்க கிடாவ நாங்களே..."

"உனக்கு அது இல்லாமப் பேசவே வராதா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் தேநீரை எடுத்துக்கொண்டாள்.

நான் டேப்பைக் கீழே வைத்தேன். செம்பு தெரியும்வரை வெட்டினேன். முழங்கை நீளம் போய்விட்டது. கடைசியில் ஒரு வெட்டில் சிவப்பாகப் பளிச்சென்று வந்தது. புது ஒயர் சேர்த்து, குழாயை முதலில் கோத்துவிட்டுப் பற்றவைத்தேன். 

புது ரப்பர்க் குழாய்க்குள் ஒயர்க் கட்டை நுழைப்பதுதான் இந்த வேலையிலேயே பொல்லாத பாகம். நான் மூன்று முறை தள்ளினேன், மூன்று முறையும் நடுவில் மடங்கி நின்றது. பூருல் என்னைத் தோளால் ஒதுக்கினாள். மாட்டுக்குக் கை விட்டுப் பார்க்கும்போது தடவுகிற வழுக்குப் பசையை ரப்பருக்குள் பூசினாள், நுனி வளைந்த இடுக்கியை அந்தப் பக்கத்திலிருந்து விட்டாள், கட்டின் நுனியைக் கவ்வினாள், கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக இழுத்தாள்.

"தலை வந்துடுச்சு" என்றாள். "இனி தானா வரும்."

வந்தது.

கப்ளரில் வாஸ்லின் நிரப்பி மூடினேன், பேட்டரியை மாட்டினேன். பொத்தானை அமுக்கினாள். கண்ணாடி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நாலு பூட்டும் ஒரே சத்தமாக விழுந்து ஒரே சத்தமாக எழுந்தன. அவள் சின்னப் பெண் மாதிரி திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை இன்னொன்று கிடையாது. செய்ததற்காக என்னை நானே உதைத்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

மத்தியானம் நாரின்காரன் வந்தான். பெயர் மேதெர். பெரிய உடம்பு, பெரிய தொப்பி, சின்னக் குரல். கூடவே, கூப்பிடாமலே அண்ணியும் வந்து டயர் மேல் உட்கார்ந்தாள்.

மேதெர் காரைச் சுற்றி வந்தான், கீழே குனிந்தான், எஞ்சினைக் கேட்டான், கண்ணாடியை ஏற்றி இறக்கினான். பிறகு என் பக்கம் திரும்பி, கைத்தொழில்காரனை அழைக்கிற மரியாதைச் சொல்லோடு ஆரம்பித்தான்.

"உஸ்தா, கைய வச்சவர் நீங்க. உண்மையச் சொல்லுங்க. கதவுல என்ன கோளாறு இருந்துச்சு?"

"நான் இருந்தேன்" என்றேன். குமிஸ் கதையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தான்.

"இப்ப?"

"இப்ப ஒண்ணும் இல்ல. வலப்பக்கப் பின்கதவுல கீல் தேஞ்சிருக்கு, சைலன்சர் அடுத்த குளிர்காலம் தாங்காது. மத்தபடி நல்ல வண்டி. கதவு உங்க காலத்துக்கும் இருக்கும்."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் அந்தச் சைலன்சர் அங்கேயே விழுந்திருக்க வேண்டும். பூருல் கதவில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாட்டின் வயிற்றில் காது வைத்துக் கேட்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"இவ்வளவு நேராப் பேசற உஸ்தாவ நான் பாத்ததில்ல" என்றான் மேதெர். "விலை போன்லயே பேசியாச்சு. அக்கா, கையக் கொடுங்க. உஸ்தா, நீங்களே நடுவுல நில்லுங்க."

எங்கள் பக்கத்தில் ஆடானாலும் காரானாலும் விற்பவரும் வாங்குபவரும் தாங்களாகக் கை கொடுத்துக்கொள்வதில்லை. நடுவில் ஒருவன் நின்று, இந்தக் கையை ஒரு கையிலும் அந்தக் கையை இன்னொரு கையிலும் பிடித்து, இழுத்துச் சேர்த்து, குலுக்கி, 'கொடுத்தேன்னு சொல்லு', 'வாங்கினேன்னு சொல்லு' என்று இருவர் வாயிலிருந்தும் பிடுங்க வேண்டும். பிடுங்கிவிட்டால் முடிந்தது, பிறகு அதைக் கலைக்க ஆள் கிடையாது. சந்தையில் அதற்கென்றே தொண்டை பெருத்த ஆட்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பாக்கியம் எனக்கு வந்தது.

மேதெர் கையை நீட்டினான். அதை இடது கையில் வாங்கிக்கொண்டேன். பூருல் கொஞ்ச நேரம் கழித்துத் தன் கையை நீட்டினாள். ஒரே வகுப்பில் படித்து, ஒரே ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் அவள் கையை நான் பிடித்தது அதுதான் முதல்முறை. வாஸ்லினும் ஸ்பிரிட்டும் மணக்க, சூடாக, உறுதியாக இருந்தது. அதைப் பிடித்ததே இன்னொருவன் கையில் கொடுப்பதற்காக.

நான் அப்படியே நின்றேன். இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதைக் குறைக்க வேண்டியவன் நான்.

"இழுங்க உஸ்தா" என்றான் மேதெர்.

"இழுக்கறேன்."

"இழுக்கலியே."

"பிடிப்பு சரியா இருக்கான்னு பாக்கறேன்."

"அவ கை என்ன கப்ளரா?" என்று டயர் மேலிருந்து அண்ணி கத்தினாள். "சின்னப் பையா, வாயத் தொற!"

மேதெர் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தான். "அக்காகிட்ட 'கொடுத்தியா'ன்னு கேளுங்க. அவங்க 'கொடுத்தேன்'னு சொன்னா நான் வெளிச்சத்துலயே கணவாயத் தாண்டிடுவேன்."

நான் பூருலைப் பார்த்தேன். கேட்க வேண்டியது ஒரே வார்த்தை. சந்தையில் நூறு முறை காதில் விழுந்த வார்த்தை. வாயில் எப்போதும் தயாராக நிற்கிற நாலைந்து ஜோக்குகளும் வரிசையில் வந்து நின்றன. அன்றைக்கு அதில் ஒன்றுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

"பூருல்," என்றேன். "நீ போறது எனக்குப் பிடிக்கல. போகாதே. என்னக் கட்டிக்கிறியா?"

கன்டெய்னரின் தகரத்தில் காற்று உரசியது. மேதெர் என் இடது கையில் மாட்டிக்கொண்டிருந்த தன் கையைப் பார்த்தான். "நான் கைய எடுத்துக்கலாமா?" என்று மெல்லக் கேட்டான். நான் விட்டேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான், மரியாதைக்கா, வேறு என்ன செய்வதென்று தெரியாமலா, தெரியவில்லை.

பூருல் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"பாப்போம்னு சொல்லிடாதே," என்றேன். "இல்லன்னாலும் சரி, நேராச் சொல்லிடு."

"நீ இன்னிக்குத்தானே நேராக் கேட்டே?" என்றாள். பிறகு மேதெர் பக்கம் திரும்பி, "தம்பி, மன்னிச்சுக்கோ. கார் விக்கிறதுக்கு இல்ல. உள்ள வந்து தேநீர் குடிச்சிட்டுப் போ" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கட்டிக்கிறேன், எசென்."